மெலிந்த சிவப்பு

மாலான்ஸுக்கு வந்த முதல் வருஷம்
"ஃபோன் வந்திட்டுது" என்று உர்சினா சொல்ல
சட்டைப்பையைத் தடவினேன்.
அவள் சொன்னது காற்றை.
தெற்கு மலையில் ஏறி
ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு
இந்தப் பக்கம் வெறும் சூடாக இறங்குகிற காற்று.
ஒக்டோபரில் ஒரு கிழமையாவது அது அடிக்க வேண்டும்.
அடிக்காவிட்டால் பினோ நுவார்
காயும் பழமுமாய் நின்று பனியில் போகும்.

போன வருஷம் மூன்றே நாள்.
நாலாம் நாள் விடிய, கொடிக்குப் போட்ட வலையில் உறைபனி.
கை விறைக்க விறைக்க வெட்டினோம்.
ஒன்றைக் கடித்தேன்: தோல் இனிப்பு, சதை புளிப்பு,
விதை மட்டும் இன்னும் சண்டைக்கு நின்றது.

பங்குனியில் சூரிச்சிலிருந்து வாங்க வந்தவர்
எக்லோஃப் என்று ஒருவர். நல்ல சப்பாத்து.
கிளாஸைச் சரித்துப் பின்னால் விரலை வைத்தார்.
விரல் தெரிந்தது. ரேகை தெரிந்தது.
"இதைச் சிவப்பென்று எப்படி விற்பேன்?
வெயில் தேசத்து வைன் என்றால்
கறுத்துக் கிடக்கும், வாயை நிறைக்கும்.
இது மெலிசு."
துப்பினார்.
ஏழாம் பீப்பாவைக் கடந்து போனார்.

உர்சினா ஒன்றும் சொல்லவில்லை.
பீப்பா கழுவுகிற என்னிடம் கிளாஸை நீட்டினாள்.
"உன் வாய்க்கு என்ன படுகிறது?"

முதலில் செர்ரி, அதுவும் கொட்டைப் பக்கம்.
பிறகு மழை நனைத்த கல்.
பிறகு ஈறை மெல்லப் பிடித்து இழுக்கிற ஒன்று;
அதற்கு என்னிடம் ஜெர்மன் இல்லை.
"துவர்ப்பு" என்றேன்.
புளிப்பின் தங்கச்சியா என்று கேட்டாள்.
தனிக் குடித்தனம் என்றேன்.
ஆறு சுவையில் அதற்கும் ஓர் இலை போட்டிருக்கிறோம்.

மத்தியானம் பார்லி சூப்,
உப்பிட்டுக் காயவைத்த மாட்டிறைச்சி,
மேலே கொழுப்பு வட்டங்கள்.
அவர் மிச்சம் வைத்த மாதிரிப் போத்தலையே எடுத்தோம்.
ஒரு வாய் சூப், ஒரு வாய் வைன்.
கொழுப்பை அது நூல் பிடித்தாற்போல் அறுத்துக்கொண்டு போக
அடுத்த கரண்டியில்
பார்லி இனித்தது.
மெலிந்த ஆள்தான்.
மூட்டையைத் தலையில் ஏற்றிய பிறகுதான் தெரிகிறது.

உர்சினா எழுந்து போய்
ஏழாம் பீப்பாவில் சோக்கால் எழுதிவிட்டு வந்தாள்:
இரண்டு வருஷம். தொடாதே.
வந்து, மிச்சத்தை எனக்கு ஊற்றினாள்.

நானும் கிளாஸைச் சரித்து
பின்னால் விரல் வைத்துப் பார்த்தேன்.
விரல் தெரிந்தது.
நகத்தடியில்,
எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாத
பீப்பாச் சாயம்,
அதுவும்.