கீழ்த்தொண்டைத் தாடை

எனக்கு வந்தது பதினேழாம் நம்பர் ஜாடி.
கிப்கிருயிக்கு நத்தை தின்னி.
அவனுக்கு எப்போதும் சுலபமானதுதான் விழும்.
நத்தை தின்னியின் தொண்டைப் பல்
கடைவாய்ப்பல் போல மொத்தையாக இருக்கும்,
பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடலாம்.

என்னுடையது ஒரு விரல் நீளம்.
நிறமெல்லாம் ஃபார்மலினுக்குப் போய்
ஆறிப்போன தேநீராய்க் கிடந்தது.
நூலில் கட்டிய சீட்டு:
வினாம் வளைகுடா, ஏழு மீட்டர் ஆழம், 1973.
இனம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.
அதைப் போட்ட ஆள்
திரும்பி வந்து பெயர் எழுத நினைத்திருப்பார்.
அதற்குள் ஏரியில் அது இல்லை.

செவுளை விலக்கித் தாடையைத் தேடும்போது
இடுக்கி எதிலோ முட்டியது.
வாய்க்குள் முட்டைகள்.
சோள மணி அளவு, இருபத்திரண்டு.
வலையில் சிக்கினால் பயத்தில் துப்பிவிடும் என்று
பாடத்தில் இருக்கிறது.
இது துப்பவில்லை.

விதிவிலக்கு என்று எழுதவா என்றேன்.
"மாதிரி எண்ணிக்கை ஒன்று.
ஒன்றும் எழுதாதே."
கிப்கிருயி சொன்னது சரிதான்.

முட்டைகளைத் தட்டில் கொட்டினேன்,
கொட்டாவிட்டால் தாடை வராது.
முக்கோண எலும்பு,
என் சுண்டுவிரல் நகத்தில் பாதி,
மேலெல்லாம் ஊசி ஊசியாகப் பல்.
பென்சிலில் வரைந்து முடித்தபின்
முட்டைகளைத் திரும்ப வாய்க்குள் வைக்கப் பார்த்தேன்.
எட்டு போனது.
மீதி போகவில்லை.

போன வாரம்தான் நடத்தினார்கள்:
விரல்விட்டு எண்ணக்கூடிய மூதாதைகள்,
கிளைத்தவை முந்நூறுக்கும் மேல்.
பாசி சுரண்டுவது, செதில் கடிப்பது,
அடுத்தவள் வாயிலிருந்து குஞ்சைப் பிடுங்கித் தின்பது கூட.
பிறகு யாரோ நைல் கொடுவாயைக்
கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள்.
திரையில் ஒரு கோடு செங்குத்தாக ஏற
இன்னொரு கோடு தரையோடு படுத்தது.
வகுப்பே உச்சுக்கொட்டியது.
நானும் கொட்டினேன்.

நான் சொல்லாதது:
ஒபுங்காவில் என் அம்மா
அந்தக் கொடுவாயின் எலும்புக்கூடு விற்கிறாள்.
சதையைத் தொழிற்சாலை வழித்தெடுத்து
விமானம் ஏற்றிவிடுகிறது.
எங்களுக்குத் தலையும் நடுமுள்ளும் வாலும்.
ம்கோங்கோ வாஸி என்பார்கள்,
திறந்த முதுகு.
விடியுமுன் தொழிற்சாலை வாசலில் வரிசை,
வெயில் ஏறுமுன் சட்டியில் எண்ணெய்.
என் செமஸ்டர் கட்டணம், ஆய்வகக் கட்டணம்,
நடுப் பொத்தான் இல்லாத இந்த வெள்ளைக் கோட்டு,
எல்லாம் அந்த முதுகில் ஒட்டியிருந்த மிச்சம்.

தேர்வில் கட்டாயம் வரும்:
அறிமுகமான ஓர் இரைகொல்லி
ஏரியின் உணவு வலையை எவ்வாறு மாற்றியது?
பதினைந்து மதிப்பெண்.
எழுதுவேன். படம் போட்டு, அம்புக்குறி போட்டு.
உண்ட வீட்டுக்கு இரண்டகம்,
பக்கத்துக்கு மூன்று மதிப்பெண் வீதம்.

சாயங்காலம் சட்டிக்குப் பக்கத்தில் நின்று
ஃபுலு மீன் தெரியுமா என்று கேட்டேன்.
"தெரியாமலா? வெறும் முள்ளு.
சின்ன வயசில் காயவைத்துத் தின்போம்,
மிஞ்சினது பூனைக்கு."
எத்தனை வகை இருந்தது?
"வகையா? ஃபுலுன்னா ஃபுலு."
ஒரு நடுமுள்ளைத் திருப்பிப் போட்டாள்.
எண்ணெய் என் கோட்டில் தெறித்தது.

இன்றைக்கு ஒன்றின் வாய்க்குள், என்று ஆரம்பித்தேன்.
ஆள் வந்துவிட்டார்.
வால் பக்கம் வேண்டுமாம், தலை வேண்டாமாம்.
அம்மா இருநூறு ஷில்லிங் நோட்டை
உதட்டில் கவ்விக்கொண்டு
இரண்டு கையாலும் பொட்டலம் கட்டினாள்.
கவ்விய வாயோடு
என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.
புரியவில்லை.
திரும்பச் சொல் என்றேன்.
நோட்டை எடுக்கவில்லை அவள்.