நாற்பதாயிரம் முட்டை

முதலில் எல்லாரையும் போலப்
பொதுத் தேடலில்தான் தட்டினேன்:
செட்டிநாட்டு வீடு, சுவர்ப்பூச்சு, முட்டை.
அரை நொடியில் மூன்று லட்சம் முடிவுகள்.
ஒரு வீட்டுக்கு நாற்பதாயிரம் முட்டை
என்று ஒரே குரலில் சாதித்தன.
பத்தாம் பக்கம் வரை போய்ப் பார்த்தேன்.
"வெண்கரு" போன இடமெல்லாம்
"வென்கரு" என்றே இருந்தது,
ஒரு பிள்ளையைப் பார்த்து
வகுப்பே காப்பியடித்த விடைத்தாள் மாதிரி.

இதை ஆய்வேட்டில் போட முடியாது.
காரைக்குடிக்குப் பேருந்து ஏறினேன்.
பல்கலைக்கழக நூலகத்துக்குள் உட்கார்ந்தால்தான்
ஆய்விதழ்த் தரவுத்தளம் கதவைத் திறக்கும்.
வீட்டிலிருந்து தட்டினால்
கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் கேட்கும்.

அங்கே பதினொன்று. பதினொன்றே பதினொன்று.
ஆறில் சுண்ணாம்பைத் தவிர வேறு பேச்சில்லை.
ஒன்று ஏதோ தேசத்துத் தேவாலயச் சுவர்.
இன்னொன்று, மூன்று சில்லுகளைச் சோதித்துவிட்டு
"இதை வைத்து அறுதியிட முடியாது" என்று
கையைக் கட்டிக்கொண்டது.
எனக்கு எரிச்சல். நாற்பதாயிரம் எங்கே?

ஒன்பதாவது கட்டுரையில் இருந்தது.
தலையில் பொடி எழுத்தில் ஒரு பதினேழைச் சுமந்துகொண்டு.
லூர்துமேரி அக்கா ஒவ்வொரு மின்விசிறியாக
அணைத்துக்கொண்டு வருவதற்குள்
பதினேழாம் அடிக்குறிப்புக்கு இறங்கினேன்.

"நேர்ப்பேச்சு: அடைக்கலம்,
சுற்றுலா வழிகாட்டி, கானாடுகாத்தான்."

என் அப்பா.

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.
மூன்று லட்சத்தில் ஒரு பக்கமாவது
யார் சொன்னார் என்று சொல்லவில்லை.
இங்கே, பொய்யோ மெய்யோ,
அதற்கொரு பெயர் இருந்தது, ஊர் இருந்தது.
ஆறரை வண்டியைப் பிடித்தால்
போய்க் கேட்டுவிடலாம்.

அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார்.
"நாப்பதாயிரமா ஆத்தா?
ஒரு வெள்ளைக்காரம்மா புத்தகத்தப் பாத்து வாசிச்சுச்சு.
கேக்க நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்."
"என்ன புத்தகம்?"
"நீல அட்டை."

அந்த நீல அட்டைக்காரருக்கு
எந்த ஊர் அடைக்கலம் சொன்னாரோ.

எண்ணுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை,
என்று எழுதினேன்.
நான்கு நாள் அலைச்சல், அரை வரி.

சனிக்கிழமை கோயம்புத்தூர் வேன் வந்து நின்றது.
அப்பா மறந்துவிட்டுப்போன கண்ணாடியைக்
கொடுக்கப் போயிருந்தேன்.
சுவரைத் தடவியபடி
வழக்கமான இடத்துக்கு வந்திருந்தார்:
"இந்த ஒரு வீட்டுக்கு மட்டும்
நாப்பதாயிரம் முட்டை..."

என்னைப் பார்த்தார்.

"...யாம்."