எழுபத்து மூன்று வீதம்

விழுவதுதான் இதில் நன்றாக இருக்கிறது.

முதல் பாகத்தில் சாம்பல் சிறகன் விழமாட்டான்.
கூரைக்குக் கூரை வழுக்கிக்கொண்டு போவான்.
இதில் சிறகு இன்னும் தைத்து முடியவில்லை.
பாய்ந்தால் பாதியில் பிடி தவறும்,
முழங்கை பால்கனிக் கம்பியில் இடிபடும்,
கொன்ட்ரோலர் உள்ளங்கையில் துடிக்கும்
அப்போதுதான் பிடித்த விரால் மாதிரி.

பெட்டா இரண்டாம் குறுக்குத் தெருவில்
இல்ஹாம் தந்தது.
"முன்கதை அக்கா. வீரனாகிறதுக்கு முந்தி.
ரெண்டாயிரம் குறைச்சுத் தாறன்,
ஒருத்தரும் வாங்கிறாங்க இல்லை."

நவம் மாவத்தையில் எனக்கு இரவு வேலை.
லண்டன்காரரின் கணக்கை நேர்செய்துவிட்டு
விடியற்புறம் வெள்ளவத்தைக்கு வந்து
மொறின் வேலைக்குப் போன பிறகு
அவளுடைய டீவியில்
ஒரு நகரத்தைக் காப்பாற்றுகிறேன்.

அடிதடியில் குறை சொல்ல ஏலாது.
குத்துக்கும் குத்துக்கும் நடுவே
ஒரு மூச்சு விட இடம் வைத்திருக்கிறார்கள்.
அவசரப்பட்டால் அடி வாங்குவாய்.
பொறுத்தால்
கொத்துக்கடைத் தகடு போல
டக டக டகவென்று
ஏழு பேர்.

இன்ஸ்பெக்டர் ஹார்வெல்,
முதல் பாகத்தில் கோப்பி வாங்கித் தந்து
தோளில் தட்டுகிறவர்,
இதில் முகத்துக்கு நேரே டோர்ச் அடித்து
"ஆர் நீ, எங்கே போகிறாய்" என்கிறார்.
நல்லாய் எழுதியிருக்கிறார்கள்.
அந்த இடத்தில் என் கை தன்பாட்டில்
அடையாள அட்டையைத் தேடிப் போனது.
பிஜாமாவில் பொக்கற்றே இல்லை.

தாய் மூன்று வசனம் பேசிவிட்டுச் சாகிறாள்,
மூன்றும் ஒரே வசனம்.
புது வில்லன் வந்து ஒரு மணித்தியாலத்தில்
பழைய வில்லனின் கூலியாள் என்று தெரிகிறது.
அதே சிரிப்பு, வேறு கோட்டு.
ஒரு பாலம், கடக்க நாலு நிமிடம்,
ஒவ்வொரு முறையும் நாலு நிமிடம்.
தெருவில் சனமில்லை.
"பனிப்புயல், எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள்" என்று
வானொலி சொல்லிவிடுகிறது,
ஆள் வரைகிற செலவு மிச்சம்.

ஒரு ஞாயிறு பார்த்துக்கொண்டிருந்த மொறின் கேட்டாள்:
"சனமில்லாத ஊரை ஆருக்காகக் காப்பாத்திறாய்?"
ஊரடங்கு மாதிரி, என்றேன்.
"ஊரடங்கு எண்டாலும்
ஆராவது சீலையை விலக்கிப் பாப்பினம்.
சூன் பாண் ஓட்டோவாவது பாட்டுப் போடும்."
அவள் சொன்ன பிறகு
எல்லா ஜன்னலையும் பார்த்தேன்.
ஒன்றுகூட அசையவில்லை.

பெரிய குறை வேறு.
இவன் சாகமாட்டான்.
நாற்பது வயதில், தாடியில் நரையோடு
முதல் பாகத்திலேயே பார்த்தாயிற்று.
பதினெட்டு வயதில் எந்தத் துப்பாக்கியை
இவன் நெற்றியில் வைத்தென்ன,
எனக்குக் கொட்டாவி வருகிறது.

இரண்டாயிரத்து எட்டு. லொட்ஜ் கதவு. இரவு ஒரு மணி.
அதை யாராவது ஆட்டமாகச் செய்தால்
விளையாடுகிறவருக்கும் கொட்டாவிதான் வரும்.
இருக்கிறேன்தானே.
கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளைக்கு
அது தெரியாது.

எழுபத்து மூன்று வீதத்தில் ஒரு பிழை.
வங்கிக் கூரையில் இறங்கினேன்,
கூரை ஏந்தவில்லை.
ஊருக்கு அடியில் விழத் தொடங்கினான்.
மேலே தெருக்களின் முதுகு,
சாயம் பூசாத, தாள் கனத்துக்கு,
விளக்குக் கம்பங்கள் எதிலும் ஊன்றாமல்.
இசை நின்றுவிட்டது.
காற்றுச் சத்தம் மட்டும்,
அதை நிறுத்த மறந்திருக்கிறார்கள்.

முதல் தடவையாகப் பயந்தேன்.
இந்த இடம் எந்தப் பாகத்திலும் இல்லை.
இங்கிருந்து அவன் நாற்பதுக்குப் போவானா என்று
எழுதியவர்களுக்கே தெரியாது.
சிறகுப் பட்டனை அழுத்தினேன்.
விரிந்தது, முழுதாக,
ஏறிப் போகக் கூரை இல்லாத இடத்தில்.

பாணந்துறை ரயில் போனது,
டீவி மேசை அதிர்ந்தது.

திருத்தம் வந்திருக்கு, டவுன்லோட் பண்ணுங்க என்று
இல்ஹாம் மெசேஜ் போட்டிருந்தான்.
பார்த்தேன்.
நித்திரை வரவில்லை, பிளேன்டி ஊற்றிக்கொண்டு வந்தேன்.
இன்னும் விழுந்துகொண்டிருந்தான்.