கோட்டின் தடிமன்

மே பதினான்கு. வடக்கு டகோட்டாவில்
கடைசிப் பனி உருகி மூன்று வாரம்.
வெர்னா ஸ்டென்ஸ்ருட்டின் மேற்கு வயலில்
மண்துளைப்பானைத் திருகி இறக்குகிறேன்.
முதல் ஒன்றரைச் சாண் கறுப்பு.
நிறச்சீட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்து
என் நிழல் விழாதபடி திரும்பி நின்று
இதுதான் என்று ஓர் எண்ணை எழுதுகிறேன்.
எண்ணுக்கு வாசனை கிடையாது.
மண்ணில் நனைந்த சாக்கு, அறுத்த பீட்ரூட்,
எங்கோ கொஞ்சம் டீசல்.

ஒரு பிடியை நனைத்துப் பிசைந்து
கட்டைவிரலால் தள்ளுகிறேன். நாடாவாக நீள்கிறது,
இரண்டங்குலம் போய், தலை சாய்ந்து, அப்புறம்தான் அறுகிறது.
களி.
இங்கே ஒரு காலத்தில் ஏரி கிடந்தது,
பனிப்பாறை உருகிக் கரையே தெரியாத ஏரி.
அதன் அடிவண்டலில் இப்போது கோதுமை.
மழையென்றால் டிராக்டர் அச்சுவரை இறங்கும்,
காய்ந்தால் வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டுவரை போகும்.
"ரெண்டுக்கும் நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை வரும்,"
வண்டியை விட்டு இறங்காமலே சொல்கிறாள் வெர்னா,
"அன்னிக்கு விதைச்சிடணும்."

உறைபனி விழாத நாள்கள் நூற்றுப் பதினைந்து.
அதற்குள் முளைத்து, பூத்து, முற்றி, உலர்ந்தாக வேண்டும்.
சலுகை நாள் எதுவும் இல்லை.

பதினேழாம் துளைக்குப் பிறகு தரை வெளுக்கிறது.
உவர் பூத்துக் கிடக்கிறது, பதினோரு ஏக்கர்.
சாலைப் பள்ளத்தில் தேங்கும் நீர்
அடிவழியாக ஊர்ந்து வந்து
இங்கே மேலேறி, தான் ஆவியாகி,
உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது.
கோச்சியா களை தவிர எதுவும் நிற்பதில்லை.
பார்லிகூட முழங்காலுக்கு வராமல் பழுத்துவிடுகிறதாம்.
கருவியின் முள் துள்ளுகிறது. எழுதுகிறேன்: களர்.
அந்தச் சொல்லை எழுதும்போது
அவள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொள்கிறாள்.

தம்பி கேலன் ஃபார்கோவில் இருக்கிறான், பாகம் கேட்கிறான்.
வக்கீல் சொல்லிவிட்டார்:
மண் வரைபடத்தை வைத்துத்தான் பிரிப்பது,
நல்லது இவ்வளவு, கெட்டது இவ்வளவு.
கோட்டை இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு என்று
எல்லோரும் கேட்பதுபோல் அவளும் கேட்பாள் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் துளையில்தான் தெரிந்தது.
மேலே களர் இல்லை.
வெள்ளை நூல் இரண்டடிக்குக் கீழேதான் தொடங்குகிறது.
துளைப்பானின் நுனியில் வேர் ஒன்று தொங்கியது,
நீளமாய், பிடிவாதமாய்.
"குதிரைமசால்," என்றாள். இப்போதுதான் இறங்கியிருந்தாள்.
"ஆறு வருஷம். விளிம்பு நெடுக.
தண்ணியைக் கீழேயே பிடிச்சுக் குடிச்சிடும், உப்பும் கீழேயே நின்னுடும்.
வருஷத்துக்கு அஞ்சு அடி திருப்பி எடுத்தேன்.
விதைச் செலவு கேலனுக்குத் தெரியாது."
அளந்தேன். ஒன்பது மீட்டர் அகலம்,
நீளம் முக்கால் மைல்.

வண்டியின் மூக்கில் படத்தை விரித்தேன்.
இருபத்துநாலாயிரத்தில் ஒரு பங்கு அளவு.
என் பென்சில் கோடு அரை மில்லிமீட்டர்,
அதாவது நிலத்தில் பன்னிரண்டு மீட்டர்.

நன்றாகச் சீவினேன். கத்தியால், பிறகு உப்புத்தாளால்.
கிராஃபைட் தூள் விரலில் ஒட்டி
நிறச்சீட்டில் இல்லாத ஒரு கறுப்பு.
அப்படியும் பத்துக்குக் கீழே வரவில்லை.
ஐந்து ஏக்கருக்குக் குறைந்ததைத் தனியாகக் காட்ட விதியும் இல்லை.
குறிப்புப் பத்தியில் எழுதினேன், துளை எண், ஆழம், வேர்.
அந்தப் பத்தியை யாரும் படிப்பதில்லை;
அதையும் அவளிடம் சொன்னேன்.

வெர்னா குனிந்து பார்த்தாள்.
"இதுல என் குதிரைமசால் எங்கே?"
கோட்டுக்குள்ளே, என்றேன்.

மேற்கிலிருந்து காற்று. காகிதத்தின் மூலையை
அவளே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்,
நகத்தடியில் அதே ஈரக் களி.
"சரி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.
"கோடு யார் பங்குல வரும்?"