இரண்டேமுக்கால் லிட்டர்

சிம்மக்கல் ஸ்பேர்ஸ் கடையில்
ஆயில் ஃபில்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:
'மெக்கானிக் யாரு?'
பேர் சொன்னால் நோட்டில் ஏறும்,
மாசக் கடைசியில் அந்த ஆளுக்கு
நாற்பதோ ஐம்பதோ போகும்.
'ஜெயக்கொடி' என்றேன்.
'எந்த ஏரியா?'
'ஆனையூர்.'
எழுதிக்கொண்டார்.
அது என் பேர்தானா என்று
அவரும் கேட்கவில்லை.

போனமுறை கம்பெனியில் நீட்டிய பில்
ஆறாயிரத்துச் சொச்சம்.
அதில் ஒரு வரி, 'இதரப் பொருட்கள்'.
என்ன பொருள் என்று கேட்டதற்கு
ஏசி அறையில் இன்னொரு டீ கொடுத்தார்கள்.

ஞாயிறு. தண்ணி லாரி போன பிறகு
வாசல் சரிவில் முன்சக்கரங்களை ஏற்றினேன்.
பின்சக்கரங்களுக்குச் செங்கல்,
செங்கலுக்கு முட்டாக ஒரு பழைய கிரைண்டர் கல்.
ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது.
எனக்கு உறுதியாகத் தெரிந்தது
அந்த ஒன்றுதான்.

கிழிந்த போர்வையை விரித்து மல்லாந்தேன்.
நாலு வருசமாய் ஓட்டுகிறேன்,
இதற்கு இப்படி ஒரு வயிறு இருப்பது தெரியாது.
அழகர்கோவில் ரோட்டுச் செம்மண்
அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கிறது.
நீளமாய் ஒரு கீறல்.
தத்தனேரி வேகத்தடையாக இருக்கும்,
அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவசரம்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.
இடமா, வலமா?
படுத்துப் பார்த்தால் கடிகாரமும் குழம்புகிறது.
முதல் தடவை நன்றாக இறுக்கிவிட்டேன்.
மறுபக்கம் தள்ளியதும் 'ணங்' என்று இளகியது,
கூடவே என் மணிக்கட்டும்.
வெதுவெதுப்பான கறுப்பு
முதலில் உள்ளங்கையில், பிறகு முழங்கையில்,
அதற்கப்புறம்தான்
பெயிண்ட் டப்பாவை அறுத்துச் செய்த தொட்டியில்.

வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால்
தெருவே வெறும் கணுக்கால்.
நீலப் பட்டைச் செருப்பில் வந்து நின்ற கணுக்கால் கேட்டது:
'சார் இல்லீங்களா?'
'எந்தச் சாரு?'
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு, கட்டைவிரலை ஒருதரம் தூக்கி இறக்கிவிட்டு,
போய்விட்டது.

பழைய ஃபில்டர் வழுக்கியது.
உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்ததும் திரும்பியது.
புதியதன் ரப்பர் வளையத்தில்
தோசைக்கல்லுக்கு வெங்காயம் தேய்க்கிற மாதிரி
புது ஆயில் தடவினேன்.
ஏர் ஃபில்டரைச் சுவரில் தட்டினால்
வேப்பம்பூ, ஒரு குளவிச் சிறகு,
மேலூர்ப் பக்கத்துக் கல்லின் வெள்ளை மாவு.
எனக்கும் மார்ச்சிலிருந்து இருமல்.

புனல் வைத்து ஊற்றினேன், இரண்டேமுக்கால் லிட்டர்.
அளவுகம்பியை உருவித் துடைத்து, விட்டு, உருவினேன்.
இரண்டு புள்ளிக்கும் சரியாக நடுவில்.
சம்பளம் வந்த வாரத்தில்கூட
நான் அங்கே நின்றதில்லை.

சீயக்காய் போட்டுக் கை கழுவி
நிமிரும்போது பார்த்தேன்.
ஜன்னல் கட்டையில், ஹார்லிக்ஸ் மூடியில்
பத்திரமாய், பளபளவென்று
புது வாஷர்.

இனி என்ன செய்ய.
மறுபடி திறந்தால் எல்லாம் வடியும்.
வண்டிக்கு அடியில் பேப்பரை விரித்தேன்.
ராத்திரி இரண்டு தரம் டார்ச்சோடு போனேன்.
காலையில், மணமகன் தேவை பக்கத்தில்,
கடுகளவு ஒரு பொட்டு.
தொட்டேன், மோந்தேன்.
ஸ்பேனரைக் கால் சுற்று, அதற்கும் கொஞ்சம் கம்மியாக.
அதற்குமேல் போனால் மரை போய்விடுமாம்.

வியாழக்கிழமை போன்.
'ஜெயக்கொடி அண்ணன் நம்பருங்களா?
கமிஷன் நாப்பத்தஞ்சு ரூவா நிக்கிது.
ஆல்ட்டோ பிரேக் பேடு இறங்கியிருக்கு,
அண்ணனுக்கு எத்தன செட்டு எடுத்து வைக்க?'

'அவரு வண்டிக்கு அடியில இருக்காரு' என்றேன்.
பொய்யில்லை.
கன்னம் தரையில் பட,
இன்றைக்குப் பேப்பரில் பொட்டு இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.

'முன்னாடிக்கு ஒரு செட்டு போதுமாம்.'