மூடியில் அழிந்த எண்

கொணவட்டத்தில் வெயிலுக்கும் துரு வாசனை.
லாரிக் கூண்டுகளுக்கு நடுவே ஒரு சந்து,
அது முட்டி நிற்கும் இடத்தில் கலீல் பாஷாவின் ஷெட்.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் நகர மறுத்த என் காரை
கட்டி இழுத்துவந்து விட்டிருந்தார்கள்.
முன்சக்கரம் இரண்டும் இறுகி,
தோசைக்கல்லாய்க் கொதித்து.

"மிதிச்சா புடிக்குது, காலெடுத்தா உடமாட்டேங்குது.
அதானமா?"
அதேதான்.
பானெட்டைத் தூக்கி, உள்ளங்கையளவு டப்பாவைத் துடைத்தார்.
மூடியில் டாட் என்பது மட்டும் மிச்சம்.
பக்கத்தில் இருந்த எண்ணை
யாருடைய விரல்களோ திருகித் திருகி அழித்திருந்தன.
"உள்ள இன்னா கீதுன்னே தெரியலியே."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.
பதினோரு வருஷமாய் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு அதுதான் வேலை:
உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது.
பெயர் ஒட்டாத குப்பி வந்தால்
தொடாமல் திருப்பி அனுப்புவேன்.
அதற்காக வார்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு.

டீ கிளாஸ் இரண்டில் தண்ணீர் பிடித்தார்.
புது பாட்டிலிலிருந்து முதல் கிளாஸில் பத்துச் சொட்டு.
வெளிர்மஞ்சள்,
பாகு போல நெளிந்து அடிக்குப் போய்
ஒரு சுழற்றில் காணாமல் போனது.
பதினோராம் சொட்டு பானெட்டில் விழ
பதறித் துடைத்தார், "பெயிண்ட்ட தின்னுடும்."
அப்புறம் கிளாஸைத் தூக்கிக் காட்டி,
"தண்ணியக் கண்டா உடாது இது.
காத்துல கீற ஈரத்தக்கூட குடிச்சிக்கும்.
மூணும் இப்படித்தான் கரையும், நாலும் இப்படித்தான்.
இது எதுன்னு எங்கப்பன் வந்தாலும்
கண்ணால பாத்து சொல்ல முடியாது,
பாட்டில்ல போட்டுகீறத நம்பணும்.
அஞ்சு வேற ரகம். கத்திரிப்பூ கலரு, தண்ணியோட சேராது.
ஒரே ஒரு தபா பாத்துகீறேன்,
ஏலகிரி மேல யாரோ வெச்சிருந்த பழைய ஜீப்புல."

இரண்டாவது கிளாஸில் என் காருடையது.
பாதி கரைந்தது.
மீதி மேலே ஏறி வந்து
மீன்குழம்பின் எண்ணெயாய்
வட்டம் வட்டமாக நின்றது.
சிவப்பு.

கழற்றிய ரப்பர் வாஷரை என் கையில் வைத்தார்.
ஊறின வடை போல உப்பியிருந்தது.
"யாருமா ஊத்துனது இத?"

மாசி மாதம், நைட் ஷிப்ட் முடிந்து மூன்றே முக்கால் மணி.
டாஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தது.
டிக்கியில் லேபிள் உரிந்த ஒரு பாட்டில், காரோடு வந்தது.
பார்க்கிங் கம்பத்தின் மஞ்சள் வெளிச்சத்தில்
உலகத்தின் எல்லாத் திரவமும் ஒரே நிறம்.
முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
தூக்கம்.

"பழைய ஓனர்" என்றேன்.

வீல் லாக் சாவி தேடி
முன்பெட்டியைத் திறந்தவர் கையில் வந்தது
ஒரு குட்டி நோட்டு.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் கணக்கெழுதிய
பரசுராமனின் எறும்புக் கையெழுத்து.
தேதி, கிலோமீட்டர், ரூபாய், பைசா.
பிரேக் ஆயில் டாட் மூன்று, முழுதும் மாற்றியது.
இரண்டு வருஷம் கழித்து அதே வரி.
மறுபடியும் அதே வரி.
கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில், அடிக்கோட்டோடு:
டிக்கியில் உள்ளது ஸ்டியரிங்குக்கு மட்டும்.

கலீல் பாஷா வாய்க்குள்ளேயே படித்தார்.
உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நோட்டை மூடினார்.
"ட்யூபு, சிலிண்டரு, ரப்பரு, எல்லாத்தையும் கழட்டி கழுவணும்.
நாளைக்கி சாயந்திரம் ஆவும்."
பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
"பேனா கீதாமா?"

பையில் இருந்தது,
குப்பிகளில் பெயர் எழுதும் மார்க்கர்.
அழிந்த எண் இருந்த இடத்தில்
அவர் சொன்னபடி மூன்று என்று எழுதினேன்.
மை காயும்வரை ஊதினேன்.

இரண்டு கிளாஸும் பெஞ்சிலேயே இருந்தன.
விரிஞ்சிபுரத்திலிருந்து மணல் தூசியோடு வந்த டிரைவர்
"எனக்காண்ணே?" என்று
சிவப்பு மிதக்கும் கிளாஸை எடுக்கப் போனார்.

அது டீ இல்லைங்க என்றேன்.
என்னதுங்க அது என்றார்.