நிழலுக்கு எந்தக் கட்டம்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
நிலம், வீடு, கிணறு, மரம்,
கல்லறை, இதர கட்டுமானம், கையொப்பம்.
மரத்துக்கு வயது கேட்கும்.
கல்லறைக்கு அதுவும் கேட்காது.

நான் ருக்மானா,
நில அளவை அலுவலகத்தில் இரண்டாம் நிலை எழுத்தன்.
பாண்டுங் மலைச்சரிவில் சிமுஞ்சாங் வரை
நாடா பிடித்துப் போனவன்.
இந்தப் பக்கம் பாதி ஊர்ப்பெயர்கள் ‘சி’யில் தொடங்கும்.
சுண்டா மொழியில் அதற்குத் தண்ணீர் என்று பொருள்.
கிணற்றுக்குக் கட்டம் உண்டு,
தண்ணீருக்கு இல்லை.

முதலில் சுங்கச்சாலை வந்தது.
ஆறு தடம், இருபுறமும் கம்பிவேலி.
பிறகு அதை ஒட்டியே தூண்கள் எழுந்தன,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
நடுவில் ஒரு கீற்று வயல் மிஞ்சியது,
தார்சிஹ் என்பவளுடையது.
வரைபடத்தில் என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்.

வாசலில் நின்றால் வயல் தெரியும்.
நாற்பது மீட்டர்.
போய்ச் சேரச் சுரங்கப்பாதை சுற்றி
மூன்றரைக் கிலோமீட்டர்.
“கொக்குக்கு மட்டும்தான் வழி மாறவில்லை” என்றாள்.
அப்புறம் கேட்டாள்:
“நிழலை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?”

சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
கூட்டிப்போய்க் காட்டினாள்.
நானூற்றுப் பதினேழாம் தூணுக்கும் அடுத்ததற்கும் நடுவே
பாலத்தின் நிழல் விழும் பட்டையில் மட்டும்
நெல் இன்னும் பச்சையாய் நின்றது,
அக்கம்பக்கமெல்லாம் கதிர் தலைசாய்த்த பிறகும்.

காலை ஒன்பதுக்கு அது தார்சிஹின் நிழல்.
மாலை நாலுக்குச் சாலை தாண்டி
ஓடாங்கின் மீன்குட்டையில் கிடக்கும்.
இருவரும் பங்காளிகள்போல என் மேசைமுன் நின்றார்கள்.
அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?
மேலிடத்துக்கு எழுதினேன்.
நாலு மாதம் கழித்து
ஒரே வரியில் பதில் வந்தது:
“நிழல் தற்காலிகமானது.”

அந்த ஆண்டு பெருநாளுக்கு முந்தின பகல்
ஜகார்த்தாவே ஊர் திரும்பிக்கொண்டிருந்தது.
ஆறு தடமும் அடைத்துக்கொண்டன.
மணிக்கு நூறு போகக் காசு கட்டி நுழைந்தவர்கள்
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
தகரக் கூரையில் கோழிபோல் தவித்தார்கள்.
நோன்பு வாய். தண்ணீரும் தொடக்கூடாது.
என் மடியில் மாமியார் வீட்டுக்கான கேக் டப்பாக்கள்
வெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தன.
தலைக்குமேல் முந்நூற்றைம்பதில்
ஒரு வெள்ளைக் கோடு போனது.
சத்தம் பின்னால் வந்தது.

வேலியில் ஆள் நுழையும் ஓட்டை.
யார் வெட்டியதென்று கேட்காதீர்கள்.
அதன் வாயில், குறுக்கே, ஒரு மூங்கில் கழி,
ஒரு முனையில் கல், மறுமுனையில் கயிறு.
கயிற்றைப் பிடித்தபடி தார்சிஹ்.
பாலத்தடியில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது பேர்
வரப்பில் காலை நீட்டிக் கிடந்தார்கள்.

“ஆளுக்கு இரண்டாயிரம் ரூபியா.
பிள்ளைகளுக்கு இல்லை.
மூன்று மணிக்குமேல் ஓடாங்கிடம் கொடுங்கள்,
அது அவன் பக்கம் போய்விடும்.”

என்னை அடையாளம் தெரிந்தது.
“அரசாங்க ஆளுக்குச் சலுகை கிடையாது.”
ஐயாயிரம் நீட்டினேன். சில்லறை இல்லை.
மூன்று கத்தரிக்காய் தந்தாள்.
விளையாட்டாக ரசீது கேட்டேன்.
“தற்காலிகமானதுக்கு ரசீது எதற்கு?” என்று
கழியைத் தூக்கிவிட்டாள்.

போன மாதம் அலுவலகச் செலவில்
அந்த ரயிலில் ஏறினேன்.
மூன்றாவது குகை முடிந்து பதினோரு விநாடி,
முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
கண்ணாடியில் நெற்றி ஒட்டிக்கொண்டது.
ஒன்பது, பத்து.
குட்டையின் மினுக்கு.
கீழே எங்கள் நிழலின் விளிம்பு
வேலிமேல் ஏறி இறங்கியது.
“அதோ” என்று வாயெடுத்தேன்,
‘தோ’ வரும்போது வேறு ஊர்.

பக்கத்து இருக்கைக்காரர் நிமிர்ந்து
எதையாவது விட்டுவிட்டீர்களா என்றார்.
இல்லை என்றேன்.
கழி மேலே இருந்ததா, கீழே இருந்ததா,
அதுதான் தெரியவில்லை.